சபரிநாதன் வாசலில் பதினோரு கொக்குகள்

ஒற்றைக் காலில் நிற்பது ஒரு பெரிய காரியமா என்றுதான் சபரிநாதன் நினைத்திருந்தான்.

வலது காலைத் தூக்கி இடது முழங்காலில் ஒட்டவைத்தான். இரண்டு கைகளையும் விரித்தான். "இங்க பாரு சாமி, அப்பா கொக்கு!" என்று சொல்லி முடிப்பதற்குள் கொக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து, துணி துவைக்கிற கல்லின்மேல் போய் உட்கார்ந்தது. உட்கார்ந்தது என்பது மரியாதைக்குச் சொல்வது.

எதிரே பள்ளிக்கூட உடுப்பும் ஷூவுமாக நின்றிருந்த நாலரை வயது கனிஷ்கா, அப்பாவைக் கவலையோடு குனிந்து பார்த்தாள்.

"நீயும் உழுந்துட்டயாப்பா?"

அந்த 'நீயும்'தான் அவனுக்கு இடுப்பைவிட அதிகமாக வலித்தது.

விஷயம் இதுதான். ஜூன் மாதம் எல்.கே.ஜி. சேர்ந்ததிலிருந்து கனிஷ்கா விழுந்துகொண்டே இருந்தாள். பிரேயருக்கு வரிசையில் போகும்போது விழுந்தாள். மணி அடித்து எழுந்து ஓடினால் படியில் விழுந்தாள். ஒன்றுமே இல்லாத சமதரையில் தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தவள் தொப்பென்று விழுந்தாள். கூடப் படிக்கிற வாண்டுகள் சும்மா இருக்குமா? 'தொப்புக்கனி' என்று பேர் வைத்துவிட்டன.

முழங்கால் சிராய்ப்பு நாலு நாளில் ஆறிவிடும். சபரிநாதனுக்கு ஆறாதது வேறு. போன வாரம் மிஸ் கூப்பிட்டனுப்பினார் என்று பள்ளிக்கூடம் போயிருந்தான். விளையாட்டு நேரம். அத்தனை பிள்ளைகளும் மைதானத்தில் காட்டுக்கத்தலாகக் கத்திக்கொண்டு ஓட, அவன் மகள் மட்டும் படிக்கட்டில் உட்கார்ந்து எல்லாருடைய டிபன் பைக்கும் காவல் இருந்தாள்.

"நீ வெளாடப் போகலயா கண்ணு?"

"நான் உழுந்துருவேன்ப்பா. நான் பை பாத்துக்கறேன்."

நாலரை வயதில் வாட்ச்மேன் உத்தியோகம்! அன்றைக்கு மிஸ் கையில் ஒரு தாளைக் கொடுத்தார். "பயப்படாதீங்க. பேலன்ஸ் கொஞ்சம் கம்மியா இருக்கு. வெளையாட்டாவே பழக்கிட்டா வந்துடும். நீங்களும் சேர்ந்து வெளையாடணும்," என்றார். கொக்கு மாதிரி நிற்பது, கோட்டின்மேல் நடப்பது, பலகைமேல் நடப்பது, தலையில் ஏதாவது வைத்துக்கொண்டு நடப்பது என்று தாள் நிறைய விளையாட்டு.

டாக்டரிடமும் காட்டியாயிற்று. அவர் பாப்பாவைப் படுக்கவைத்து, சின்னச் சுத்தியலால் முட்டியைத் தட்டி, உள்ளங்காலில் கிச்சுக்கிச்சு மூட்டி, அறைக்குள்ளேயே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கவிட்டுப் பார்த்து, "ஒரு குறையும் இல்லையே!" என்றுவிட்டார். ஆறடி அறையில் நடந்ததெல்லாம் ஒரு நடையா என்று சபரிநாதனுக்குத் திருப்தி வரவில்லை.

அவன் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறையில் மேஸ்திரி. பன்னிரண்டு சக்கர வண்டியை ஒரு நூல் கோணாமல் நிமிர்த்தி அனுப்புகிறவன். வீட்டுக்குத் தரை போட்டபோதும் கொத்தனாரை நம்பாமல் தானே ரசமட்டத்தைப் பிடித்துக்கொண்டு மண்டிபோட்டவன். அவன் பெற்ற பிள்ளை ரெண்டு காலில் நிற்கத் தடுமாறுகிறது என்றால் அவனால் தாங்க முடியுமா?

மனைவி அறிவுச்செல்வி ஜவ்வரிசி ஆலையில் பாக்கிங் வேலை. காலை ஏழு மணிக்கெல்லாம் ஆலை வேன் வந்துவிடும். அதனால் பிள்ளைக்கு இட்லி ஊட்டி, உடுப்பு மாட்டி, ஷூ மாட்டி, பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிடுகிற பொறுப்பு சபரிநாதனுடையது. சும்மா சொல்லக்கூடாது, அதை ஒழுங்காகவே செய்தான். ஷூ லேஸைக்கூட லாரித் தார்ப்பாய்க்குக் கட்டுகிற முடிச்சுப் போட்டுத்தான் கட்டுவான். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை போனாலும் அவிழாது.

"ஏனுங்க, புள்ள ஊட்டுல உழுவறதே இல்லீங்களே, அத ரோசன பண்ணிப் பாத்தீங்களா?" என்று அறிவுச்செல்வி கேட்டாள்.

"ஊட்டுத் தரை ஆரு போட்டது? ரசமட்டம் வெச்சுப் போட்டது. அதுல ஒருத்தரும் உழுக முடியாது. வெளிய அப்பிடியா?"

"ஏன், இப்ப நீங்க உழுகலீங்களா?"

சபரிநாதன் இடுப்பைத் தடவிக்கொண்டான்.

முதல் வைத்தியமாக அவன் கண்டுபிடித்தது லோடு. வண்டி சாய்ந்தால் லோடு சரியில்லை என்றுதானே அர்த்தம்? பள்ளிக்கூடப் பையைத் தராசில் வைத்துப் பார்த்து, தண்ணீர் பாட்டிலை இடது பக்கமும் டிபனை வலது பக்கமும் பிரித்து, நடுவில் நோட்டை அடுக்கி அனுப்பினான். அன்றைக்குக் கனிஷ்கா முன்னால் விழுவதை விட்டுவிட்டுப் பின்னால் விழுந்தாள்.

அடுத்தது கோடு. பட்டறையிலிருந்து ஒரு டப்பா மஞ்சள் இனாமல் பெயிண்டைக் கொண்டுவந்து, வாசல் சிமெண்டுத் தளத்தில் நூல் பிடித்து ஒரு கோடு இழுத்தான். காய்வதற்குப் பொறுமை இருந்தால்தானே? பாதிக் கோட்டில் கனிஷ்கா விழுந்தாள். பதறிப்போய் வாரித் தூக்கி வீட்டுக்குள் ஓடினான். அறிவுச்செல்வி வேலை முடிந்து வந்தபோது கூடத்திலும் அடுப்படியிலும் மஞ்சள் காலடியாகப் பதிந்துகிடந்தது.

"என்னங்க இது, கெரகம்! யூனிபார்மெல்லாம் பெயிண்டு!"

"அய்யோ! மூணு வருசத்துக்குன்னு எடுத்த துணியாச்சே!" என்று சபரிநாதன் அலறினான்.

அவன் பிள்ளைக்கு வாங்குவதெல்லாம் அப்படித்தான். 'வளர்ற புள்ள' என்பது அவனுக்கு ஒரு மந்திரம். பாவாடைக்குக் கீழே மூன்று மடிப்பு வைத்துத் தைக்கச் சொல்லியிருந்தான். வருசத்துக்கு ஒரு மடிப்பு அவிழ்த்துக்கொள்ளலாமாம். மழைக்கோட்டு அவள் பின்னால் தரையைக் கூட்டிக்கொண்டு வரும். "புள்ள வளர்றதுக்குள்ள துணி நைஞ்சுரும் பாருங்க," என்று அறிவுச்செல்வி திட்டாத நாளில்லை.

பெயிண்ட் வேண்டாம், பலகை வைக்கலாம் என்று இரண்டு செங்கல்லின்மேல் ஒரு லாரிப் பலகையைப் போட்டான். மூன்றாவது எட்டில் கனிஷ்கா விழுந்து முழங்கை சிராய்த்துக்கொண்டாள். அழவில்லை. எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, "நான் உள்ள போறேன்ப்பா," என்று மட்டும் சொன்னாள். அழுதிருந்தால்கூட அவன் மனசு ஆறியிருக்கும்.

தாளில் பாக்கி இருந்தது, தலையில் வைத்துக்கொண்டு நடப்பது. அதைப் படித்ததும் சபரிநாதனுக்குப் பளிச்சென்று வெளிச்சம் தட்டியது. தலையில் குடத்தோடு நடக்கிற பெண்கள் எவராவது விழுந்து பார்த்திருக்கிறோமா?

மறுநாள் காலையில் வேன் வருவதற்கு அரைமணி நேரம் முன்பே பிள்ளையைத் தயார் பண்ணி வாசலுக்குக் கூட்டிவந்தான். சின்னப் பித்தளைச் செம்பு ஒன்றை எடுத்துப் பாதி தண்ணீர் ஊற்றினான். தண்ணீர் தளும்பாமல் இருக்க வாயில் இலை போடுவார்கள் என்பது ஞாபகம் வந்தது. கைக்கெட்டின வேப்பங்கொத்தை ஒடித்துச் செருகினான். தலையில் சும்மாடு வைக்க ஒரு துணி வேண்டுமே? கொடியில் அறிவுச்செல்வியின் பழைய மஞ்சள் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. அதைச் சுருட்டி மகள் தலையில் வைத்து, செம்பை ஏற்றி, தானும் கூடவே ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "மெதுவா வா சாமி, மெதுவா," என்று நடத்தினான்.

தெருவில் "அடி ஆத்தா!" என்று ஒரு சத்தம்.

எதிர் வீட்டு ஆத்தாயியக்கா கையில் கோலப்பொடிக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தாள். ஊரில் மாரியம்மன் நோம்பிக்குக் கம்பம் நட்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது. மஞ்சள் துணி, பித்தளைச் செம்பு, வேப்பிலை, நடுவில் ஒரு பச்சைப் பிள்ளை. ஆத்தாயியக்காவின் கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"தீர்த்தக்குடமா சபரி? இந்தப் பிஞ்சு தலையிலயா?"

"இல்லீங்கக்கா, இது வந்து..."

உள்ளதைச் சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டான். ஆத்தாயியக்காவிடம் காலையில் ஒன்றைச் சொன்னால் பத்து மணி பஸ்ஸில் அது ராசிபுரம் போய்ச் சேர்ந்துவிடும். பள்ளிக்கூடத்தில் இருக்கிற 'தொப்புக்கனி' தெருவுக்கும் வந்துவிட்டால் பிள்ளை வீட்டு வாசலிலும் விளையாட மாட்டாளே?

"ஆமாங்கக்கா," என்றான். "ஒரு வேண்டுதல்."

"என்ன வேண்டுதல் சாமி?"

"அது... வெளிய சொல்லக் கூடாதுங்க."

"அப்பப் பெருசுதான்!" என்று ஆத்தாயியக்கா கோலத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போனாள்.

சாயங்காலம் அவன் பட்டறையிலிருந்து வந்து வண்டியை நிறுத்துவதற்குள் நோம்பிக் கமிட்டித் தலைவர் அப்புசாமி மஞ்சள் கயிறோடு வந்துவிட்டார். முப்பது வருசம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு அவருக்குத்தான். அவர் விசிலுக்கு இல்லை. அது இன்னும் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"கைய நீட்டு பாப்பா. காப்புக் கட்டோணும். சபரி, நீயும் நீட்டு. புள்ளைக்காக அப்பனும் வெரதம் இருக்கோணும். எட்டு நாளைக்கு முட்டை, கறி ஊட்டுப் பக்கமே வரக்கூடாது."

"மாமா, அது சும்மா வெளாட்டுக்குப் பண்ணுனதுங்க."

"ஆத்தா காரியத்துல என்னப்பா வெளாட்டு?"

சபரிநாதன் வேறு வழி பார்த்தான். "புள்ள சின்னதுங்க மாமா. பிள்ளையார் கோயில் கெணத்துல இருந்து அம்மங்கோயில் முட்டும் அர மைலு. ஒண்டியா எப்பிடீங்க நடப்பா? அடுத்த வருசம் பாத்துக்கலாமுங்க."

அப்புசாமி யோசித்தார். "அதுவும் செரிதான். ஒண்டியா நடக்காது. தொணைக்கு ஆள் சேத்துடறேன்!"

அடுத்த நாள் சாயங்காலத்துக்குள் வீதியில் பதினோரு பிள்ளைகளுக்குக் காப்புக் கட்டியாயிற்று.

சபரிநாதனுக்கு வியர்த்துவிட்டது. கடைசியாக ஒரு பயத்தைக் கிளப்பிவிட்டால் தாய்மார்கள் பின்வாங்குவார்கள் என்று கணக்குப் போட்டான். ஆத்தாயியக்கா வீட்டு முன்னால் கூட்டமாக நின்றவர்களிடம் போய், "பழக்கமில்லாத புள்ளைங்க குடத்தக் கீழ போட்டுட்டா நல்லாவா இருக்கும்? இதுக்கெல்லாம் பயிற்சி வேணுமுங்க. காலு நெதானம், தலை நெதானம்னு எத்தனையோ இருக்குது," என்றான்.

தாய்மார்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இத்தன தெரிஞ்சு வெச்சிருக்கற. அப்ப நீயே பழக்கிட்டாப் போச்சு சபரி," என்றாள் ஆத்தாயியக்கா.

தன் வாயே தனக்கு எமன்.

அப்புறம் என்ன? தினமும் சாயங்காலம் ஐந்தரை மணிக்குப் பதினோரு பிள்ளைகள் செருப்பைப் படியோரம் கழற்றி எறிந்துவிட்டு வாசலுக்குள் பாயும். வேலையில் சபரிநாதன் அரைகுறை ஆள் இல்லை. கோழிப்பண்ணையிலிருந்து பழைய முட்டை அட்டைகளைக் கொண்டுவந்து வரிசையாகப் போட்டு, "ஆத்துக்குள்ள கல்லு, அட்டைமேலயே கால் வெக்கோணும், கீழ மொதலை!" என்றான். "செலை!" என்று கத்தினால் ஓடுகிறவர்கள் அப்படியே நிற்க வேண்டும். மண்வெட்டிக் காம்பின்மேல் நடக்கவிட்டான். தலையணைகளைப் பரப்பி அதன்மேல் குதிக்கவிட்டான். "கொக்கு!" என்றால் பதினோரு கொக்குகளும் ஒற்றைக் காலில் ஆடாமல் அசையாமல் நின்றன. நாலே நாளில் அவை தலையில் செம்போடு முட்டை அட்டை தாண்டின. தாய்மார்கள் மதில்மேல் கையூன்றி நின்று, "எங்கூட்டுல தண்ணி டம்ளரக்கூட நெட்டுக்குத்தலா புடிக்கத் தெரியாது. இங்க பாரேன்," என்று பூரித்துப்போனார்கள்.

கனிஷ்கா மட்டும் விழுந்தாள்.

அவளைச் சபரிநாதன் பள்ளிக்கூட உடுப்பு, ஷூ எல்லாவற்றோடும்தான் பழக்கினான். அறிவுச்செல்வி கேட்டபோது, "பரீச்ச எழுதற பேனாவுலதான் எழுதிப் பழகோணும் அறிவு. அவ உழுவறது பள்ளிக்கூடத்துல. அப்ப பள்ளிக்கூடத்து உடுப்புலதான் பழகோணும்," என்று சொன்னான். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது.

முட்டை அட்டையில் கால் வைத்தால் அட்டை கூடவே வந்தது. மண்வெட்டிக் காம்பில் வழுக்கினாள். கொக்கு நிற்கச் சொன்னால் கால் தூக்குவதற்கு முன்பே சாய்ந்தாள். ஐந்தாம் நாள் சாயங்காலம், பிள்ளைகள் பார்க்க மூன்றாவது தடவையாக விழுந்ததும், எழுந்து போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டாள்.

"வா சாமி, இன்னொருக்கா பாக்கலாம்."

"வேண்டாம்ப்பா. நான் எல்லாரோட செருப்பையும் பாத்துக்கறேன்."

சபரிநாதன் முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்விட்டான். யாருக்காக ஆரம்பித்த விளையாட்டு இது? வாசலில் பதினோரு கொக்குகள் நிற்கின்றன. அவன் பெற்றது படியில் உட்கார்ந்து செருப்புக்குக் காவல் இருக்கிறது. இன்னும் இரண்டு நாளில் இந்தப் பிள்ளை ஊரே பார்க்கத் தீர்த்தக்குடத்தோடு விழப்போகிறது. ஆத்தாளே ஏற்றுக்கொள்ளாத பிள்ளை என்று நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். அதற்குப் பிறகு அவள் படியைவிட்டே எழுந்திருக்க மாட்டாள். எல்லாம் அவன் சொன்ன ஒரே ஒரு பொய்யால்.

நோம்பி நாள் விடிந்தது. கனிஷ்காவுக்கு மஞ்சள் பாவாடை கட்டி, வழக்கம்போலத் தார்ப்பாய் முடிச்சில் ஷூ மாட்டிவிட்டான். அவள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"நான் உழுந்தா ஆத்தா என்னய அடிக்குமாப்பா?"

"அடிக்காது கண்ணு. ஆத்தாளும் ஒரு அம்மாதான?"

சொல்லிவிட்டானே ஒழிய, சாமி அறைக்குள் போய் நின்றபோது கண் நிறைந்துவிட்டது. 'ஆத்தா, பொய் சொன்னது நானு. தண்டனைய எனக்குக் குடு. எம் புள்ள ஒருதடவ, ஒரே ஒருதடவ உழுகாம நடந்துட்டாப் போதும். முடி குடுத்துடறேன்.' இது மட்டும் நிசமான வேண்டுதல். சபரிநாதனின் முடி சாதாரண முடியில்லை. நெற்றியில் விழுகிற சுருட்டை முடி. அதற்காகவே சட்டைப்பையில் சீப்பு வைத்திருப்பவன். பட்டறையில் எல்லாருக்கும் அது தெரியும். ஆத்தாளுக்கும் தெரிந்திருக்கும்.

பிள்ளையார் கோயில் கிணற்றடியில் எள் போட்டால் எள் விழாது. மேளம் ஒரு பக்கம், தாரை ஒரு பக்கம். எல்.கே.ஜி. மிஸ்கூட வந்திருந்தார். பதினோரு பிள்ளைகளும் செம்போடு வரிசையில் நின்றன. முன்னால் கனிஷ்கா. முதலில் வேண்டிக்கொண்டவள் என்று அவளுக்கு முதல் இடமாம்!

அப்புசாமி விசில் ஊதினார். மேளம் நின்றது.

"ஏப்பா சபரி, தீர்த்தக்குடத்துக்கு ஷூவா? கழட்டு, கழட்டு!"

"மாமா, வேண்டாமுங்க! இதோடதான் பழகியிருக்கறா. இதையும் கழட்டுனா சுத்தமா நடக்க மாட்டா. ரோடு வேற கல்லும் மண்ணுமா..."

"முப்பது வருசமா ஆத்தா சன்னதிக்கு வெறுங்காலோட நானே நடக்கறேன். உம் மக என்ன கலெக்டரா? வண்டி நிக்குது, வெசயாக் கழட்டு!"

அவன் கட்டின முடிச்சை அவனே அவிழ்ப்பதற்குள் ஐந்து நிமிஷம் ஆகிவிட்டது. அப்புசாமி ஷூவை வாங்கிப் புளியமரத்தடிச் செருப்புக் குவியலில் வீசினார். "ரைட்!" என்று விசில் கொடுத்தார்.

கனிஷ்கா ஒரு எட்டு வைத்தாள். சபரிநாதன் கண்ணை மூடிக்கொண்டான்.

மேளம் நகர்ந்தது. கண்ணைத் திறந்தான். அவள் நடந்துகொண்டிருந்தாள். இரண்டு கைகளாலும் செம்பைப் பிடித்தபடி, தன் கால்களைத் தானே ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டு நடந்தாள். பத்து எட்டு. இருபது எட்டு. பெட்டிக்கடை தாண்டியாயிற்று. சபரிநாதன் பக்கத்திலேயே, விழுந்தால் தாங்குவதற்குக் கையை நீட்டிக்கொண்டு நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்துவந்தான். அவன்தான் இரண்டு தடவை தடுக்கினான்.

அறிவுச்செல்வி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அவ நல்லாத்தான் வாராங்க. நீங்க உழுந்து அவளையும் தள்ளிறாதீங்க."

கடைவீதி முக்கில் யாரோ வேட்டு வைத்தார்கள். டமார்! மேளக்காரரே அரையடி துள்ளினார். பின்னால் வந்த கொக்குகள் எல்லாம் சிதறின. நாலைந்து செம்பு தண்ணீர் தரையில் போயிற்று. கனிஷ்கா அப்படியே நின்றாள். செலை! ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அப்புறம் எதுவும் நடக்காதது மாதிரி அடுத்த எட்டை வைத்தாள்.

கூட்டம் "ஆத்தா! மாரியாத்தா!" என்று கத்தியது.

அம்மன் கோயில் படியில் செம்பு நீரை ஊற்றி முடித்ததும் கனிஷ்கா திரும்பி அப்பாவைப் பார்த்தாள். மூஞ்சியெல்லாம் மஞ்சளும் சிரிப்பும்.

"அப்பா, நான் உழுகல! நான் வெளாடப் போகட்டா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் ஓடினாள். ஓடினாள்! கோயில் மைதானத்தில் பிள்ளைகளோடு தொட்டு விளையாடி, தேர் நிற்கிற முட்டியைச் சுற்றி, ராட்டினக்காரன் கயிற்றைத் தாண்டிக் குதித்து ஓடினாள். ஒரு தடவைகூட விழவில்லை. சபரிநாதன் அத்தனை பேர் முன்னாலும் தேம்பித் தேம்பி அழுதான். அறிவுச்செல்வி முந்தானையால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதே முந்தானையை அவனிடம் நீட்டினாள்.

"ஆத்தா எறங்கி வந்து கையப் புடிச்சு நடத்துனாப்பா. நாந்தான் மொதல்ல பாத்துக் கேட்டது," என்றாள் ஆத்தாயியக்கா.

"நான் கொடுத்த தாள்ல இருக்கற விளையாட்டெல்லாம் ஒண்ணுவிடாம பண்ணியிருக்கீங்க. அதான் ரிசல்ட்," என்றார் மிஸ்.

"டயத்துக்கு விசிலு குடுத்தாத்தான் வண்டி நேராப் போகும்," என்றார் அப்புசாமி.

சபரிநாதன் எல்லாருக்கும் கும்பிடு போட்டான். மனசுக்குள் மட்டும், என்ன இருந்தாலும் முட்டை அட்டை யோசனை நம்முடையதுதானே என்று ஒரு சின்னப் பெருமை. வேண்டுதலை நாளைக்கு என்று தள்ளக்கூடாது என்று நேராக நாவிதர் முன்னால் போய் உட்கார்ந்தான்.

"மீசயுமாங்க?"

"அதையும் எடுத்துருங்க. பாக்கி வெக்க வேண்டாம்."

சுருட்டை முடி கொத்துக்கொத்தாக மடியில் விழுந்தது. கொஞ்சமும் வருத்தமில்லை. சட்டைப்பைச் சீப்பை எடுத்து நாவிதரிடமே கொடுத்துவிட்டான். வழுவழுத்த தலையில் சந்தனம் பூசிக்கொண்டு, மகளை ஒரு கையிலும் பொரி உருண்டையை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு, ஷூவை எடுத்துவரப் பிள்ளையார் கோயிலுக்கு நடந்தான். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் உண்டே?

புளியமரத்தடியில் செருப்புக்குக் காவல் இருக்கிறவள் குப்பாயி. பூக்கடையும் அவளே. சீட்டு, டோக்கன் எதுவும் கிடையாது. வருகிற காலைப் பார்த்தே எந்தச் செருப்பு என்று எடுத்துக் கொடுத்துவிடுவாள். இருபது வருசத்தில் ஒரு ஜோடி மாறினதில்லை என்பது அவளுக்குப் பெருமை.

"அந்தக் கருப்பு ஷூவ எடுங்க. பாப்பாவோடது," என்றான் சபரிநாதன்.

குப்பாயி ஷூவைக் கையில் எடுத்தாள். குனிந்து கனிஷ்காவின் காலைப் பார்த்தாள். நிமிர்ந்து சபரிநாதனின் மொட்டைத் தலையைப் பார்த்தாள். ஷூவுக்குள் தன் கையை மணிக்கட்டு வரை விட்டு வெளியே எடுத்தாள். ஷூவைத் திரும்பக் குவியலிலேயே வைத்துவிட்டாள்.

"உங்குளுது வேற எங்கியோ கெடக்கும், நல்லாத் தேடிப் பாருங்க. இது எட்டு வயசுப் புள்ளையோடதுங்க சாமி. இத மாட்டிக்கிட்டு நடந்தா, இந்தப் பாப்பா நாலு எட்டு வெக்கறதுக்குள்ள தொப்புனு உழுந்துரும்!"